நுரைக்காத கல்

அத்தியாயம் ஏழு

மட்டக்களப்பு நீதிமன்றத்தில் வழக்குப் பொருட்களைப் பூட்டி வைக்கும் அறைக்குள் உட்கார்ந்து தேசிக்காய் வெட்டிய முதல் பெண் இன்ஷிராவாகத்தான் இருக்க வேண்டும். காவலுக்கு நின்ற லிகிதர் வாயைப் பிளந்தார். ஊறுகாய் போடப் போகிறீர்களா என்று கேட்டார். உப்பை மறந்துவிட்டு வந்துவிட்டோம், இருந்தால் கொஞ்சம் தாருங்கள் என்றான் உதயரூபன். லிகிதருக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்ஷிரா ஏறாவூர்க்காரி. பல்கலைக்கழகத்தில் பதினொரு வருடம் கல்லையும் மண்ணையும் பற்றிப் படிப்பித்து அலுத்துப்போய், வேலையை உதறிவிட்டு, வழக்கறிஞர்களுக்காகத் துப்புத் துலக்கப் புறப்பட்டவள். உதயரூபன் அவளுடைய ஆட்டோக்காரன். பை தூக்குவது, மண் கிண்டுவது, யாராவது அடிக்க வந்தால் ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணி வைப்பது எல்லாம் அவன் பொறுப்பு. வாய் மட்டும் அவன் இலவசமாகக் கொண்டுவந்தது.

மேசையில் கிடந்த கல் ஒரு பூசணிக்காய் அளவு இருக்கும். செம்மண் நிறம், தொட்டால் சொரசொரப்பு. நான்கு மாதத்துக்கு முன்னால், வவுணதீவுப் பக்க வாவியில் விரித்த இறால் வலையில் நிலோஜன் என்ற இளைஞனின் உடல் மாட்டி மேலே வந்தது. காணாமல் போய் ஐந்தாம் நாள். மண்டை உடைந்திருந்தது. இடுப்பில் ஒரு கயிறு, அதன் மறுமுனையில் இந்தக் கல்.

பொலிசுக்குக் குற்றவாளியைத் தேடி அலையும் சிரமமே இருக்கவில்லை. ஸாஹிர் என்ற ஏறாவூர் மீன்பிடிகாரன் அந்தக் கரையில்தான் தோணி கட்டுகிறவன். வலை வெட்டுப்பட்ட விஷயத்தில் அவனுக்கும் நிலோஜனுக்கும் அதற்கு முந்திய கிழமை வாய்த்தர்க்கம் நடந்திருந்தது. போதாக்குறைக்கு, தோணியில் இருந்த நங்கூரக் கல்லை யாரோ களவெடுத்துவிட்டார்கள் என்று அந்த அப்பாவி தானே நடந்து போய் முறைப்பாடு கொடுத்தான். உடல் கிடைத்ததும் பொலிஸ் இரண்டையும் இரண்டையும் கூட்டிப் பார்த்து அவனைப் பிடித்து மறியல் சிறைக்கு அனுப்பியது. இது என்னுடைய கல் இல்லை என்று ஸாஹிர் கத்தியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எந்தக் கள்ளன்தான் ஓம் என்னுடையது என்று சொல்லுவான்?

அவனுடைய மனைவி றஸீனா வெளியே மர நிழலில் கைக்குழந்தையோடு காத்திருந்தாள். குழந்தை பிறந்து ஐம்பது நாள். வாப்பாவின் முகத்தை அது இன்னும் பார்க்கவில்லை. வியாழக்கிழமை தவணையில் புதிதாக எதுவும் வைக்காவிட்டால் வழக்கு மேல்நீதிமன்றத்துக்குப் போய்விடும், பிறகு வருடக் கணக்கு என்று இன்ஷிராவை அனுப்பிய ஸாஹிரின் வழக்கறிஞர் சொல்லியிருந்தார். அன்று திங்கட்கிழமை.

இன்ஷிரா கத்தி முனையால் கல்லை ஓர் ஓரத்தில் சுரண்டினாள். சுரண்டிய தூளின் மேல் தேசிக்காயைப் பிழிந்தாள். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். புளித்தண்ணீர் தூளுக்குள் இறங்கிச் சும்மா கிடந்தது.

"ஒண்டும் நடக்கல்லியே மிஸ்," என்றான் உதயரூபன்.

"அதுதான் நடந்தது," என்றாள் அவள்.

பிறகு அவனுடைய ஆட்டோ ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தத்தைத் தூளுக்குள் விட்டு எடுத்தாள். காந்தம் போனபடியே திரும்பி வந்தது, ஒரு மணி கூட ஒட்டவில்லை. ஸ்பீக்கர் செத்ததுதான் மிச்சம் என்று உதயரூபன் மனதுக்குள் கறுவிக்கொண்டான்.

வெளியே வந்ததும் அவனுக்கு விளங்கும்படி சொன்னாள். ஏறாவூர்க் கடற்கரையில் மீன்பிடிகாரர்கள் நங்கூரத்துக்கு உடைத்தெடுக்கும் பாறை, கடல் மணல் சிப்பிச் சுண்ணாம்பால் ஒட்டி இறுகியது. புளி பட்டால் அந்தச் சுண்ணாம்பு நுரைக்கும். அந்த மணலுக்குள் கருமணல் கலந்திருக்கும், காந்தம் அதை விடாது. இந்தக் கல்லில் சுண்ணாம்பும் இல்லை, கருமணலும் இல்லை. இதை ஒட்டி வைத்திருப்பது இரும்புத் துரு.

"மணல் எங்கயும் மணல்தான் ரூபன். அத ஒட்டி வெச்சிரிக்கிற பசைதான் ஊரச் சொல்லும்."

"அப்ப இது எந்த ஊர் மிஸ்?"

அது அவளுக்கும் தெரியவில்லை. நீதிமன்ற அனுமதியோடு ஒரு சிட்டிகைத் தூளைப் பொட்டலம் கட்டித் தன்னுடைய பழைய சிநேகிதியின் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினாள்.

புதன்கிழமை பகல் பதில் வந்தது. சாப்பாட்டுக் கடையில் உதயரூபன் கொத்துரொட்டியில் பாதியைத் தாண்டியிருந்தான். கல்லுக்குள் பாதிக்கு மேல் பளிங்கு மணல், மிச்சத்தில் பெரும்பகுதி வெளிர்ச் சிவப்புச் சில்லுகள், இடையில் இரும்புத் துருவும் களிமண்ணும். அந்தச் சில்லுகள் கடலில் உருண்டிருந்தால் எப்போதோ கரைந்து மாவாகியிருக்கும், ஆகவே இது ஆற்று மணலில் உறைந்த கல். வயது பதினாறு கோடி வருடத்துக்குக் கிட்ட. நாட்டின் மறுகரையில், புத்தளத்துக்கு உட்பக்கம் தப்போவையில் இந்த இனம் கிடக்கிறது. கிழக்கில் இப்படி ஒரு கல் முளைக்க வழியே இல்லை, யாராவது தூக்கி வந்திருந்தால்தான் உண்டு.

உதயரூபன் மெல்லுவதை நிறுத்தினான். புத்தளத்துக் கல் என்ற பேச்சை அவன் எங்கேயோ கேட்டிருக்கிறான். கேட்டது ஒரு தரமா, இருபது தரம் இருக்கும்.

"கந்தப்போடியார்," என்றான். "எங்கட குடி மேற்குக் கரையில இருந்து வரக்குள்ள தலையில சுமந்துவந்த கல்லு எண்டு கோயில் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லுவார். ஆட்டோவில ஏறினா இறங்குமட்டும் அந்தக் கதைதான்."

கந்தப்போடி வவுணதீவில் பெரிய நெல்வட்டைக்காரர், ஏக்கர் கணக்கில் வயல் உள்ளவர். செத்துப்போன நிலோஜனின் மாமனார். அந்தக் கல் அவருடைய களவெட்டியின் நடுவில் புதைந்திருக்கிறது. களவெட்டி என்றால் சூடடிக்கிற களம். நெல்லைக் குவிக்குமுன் நடுவில் ஒரு கல்லைப் புதைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பூதங்கள் வந்து பொலியை அள்ளிக்கொண்டு போய்விடும் என்பது அந்தக் குடும்பத்தில் வழிவழியாக வந்த நம்பிக்கை. இப்போது வெட்டு மெஷின் வயலுக்குள் இறங்கி, வெட்டி, அடித்து, மூட்டையாகவே தந்துவிடுகிறது. களவெட்டியில் ஒரு மணி நெல் விழுந்து ஏழெட்டு வருடம். ஆனாலும் போடியார் அதைக் கூட்டிப் பெருக்கி, வெள்ளிக்கிழமைகளில் கற்பூரம் கொளுத்துகிறார்.

பொலிசைக் கூட்டிக்கொண்டு போவோம் என்று அவன் சொன்னான். இன்ஷிரா வேண்டாம் என்றாள். பொலிசுக்கு ஒருவன் சொல்லும் ஒப்புதல் நீதிமன்றத்தில் நிற்காது. பெற்ற பிள்ளைக்குச் சொன்னால் நிற்கும். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாததை உதயரூபன் கவனித்தான். கைகழுவப் போனவன் மிச்சக் கொத்துரொட்டியைக் குப்பையில் போட்டான்.

வலையிறவுப் பாலத்தைத் தாண்டும்போது வெயில் உச்சியில் இருந்தது. வட்டை முழுவதும் அறுவடை முடிந்து ஒட்டுத்தாள் மட்டும் நின்றது. போடியார் வாசலிலேயே இருந்தார். அறுபத்தாறு வயது, வெள்ளைச் சாரம், நெற்றியில் திருநீறு. வந்தவர்களுக்கு முதலில் தேத்தண்ணி, பிறகுதான் விஷயம் என்றார். தேத்தண்ணி கொண்டுவந்தவள் பிரஷாந்தி. இருபத்தேழு வயதில் தாலி இழந்தவள், நான்கு மாதத்தில் பாதியாகிப் போயிருந்தாள். வீடும் வட்டையும் அவளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தவை, போடியார் இப்போது மகள் வீட்டில்தான் குடியிருக்கிறார்.

கணவனின் பிரேத பரிசோதனை அறிக்கையைப் பார்த்தாளா என்று இன்ஷிரா அவளிடம் மெதுவாகக் கேட்டாள். இல்லை, அப்பா வாங்கி அலுமாரிக்குள் வைத்துவிட்டார், தனக்கு அதைத் தொட மனம் வரவில்லை என்றாள் பிரஷாந்தி. இன்ஷிரா தலையாட்டிவிட்டுப் போடியாரிடம் திரும்பினாள். களவெட்டிக் கல்லைப் பார்க்க வேண்டும், மகளும் கூட வரட்டும் என்றாள்.

போடியார் மறுப்பார், சாமி குற்றம் என்பார், ஆட்களைக் கூப்பிடுவார் என்றெல்லாம் உதயரூபன் எதிர்பார்த்திருந்தான். மனிதர் சிரித்தார். ஏழு தலைமுறையாகக் கிடக்கிற கல், நான்கு பேர் பார்த்தால் தேய்ந்தா போகும் என்று தானே எழுந்து முன்னால் நடந்தார்.

களவெட்டி வீட்டுக்குப் பின்னால், வாவிக் கரையில் இருந்து ஒரு கூப்பிடு தூரம். சாணி மெழுகிய வட்டத் தரை. போடியார் நடுவைக் காட்டினார். உதயரூபன் மண்வெட்டியை வாங்கிக் கொத்தினான். முழங்கை ஆழத்தில் மண்வெட்டி டங்கென்று கல்லில் முட்டியது.

கல் இருக்கிறது. அப்படியானால் நீதிமன்றத்துக் கல் வேறு. பதினாறு கோடி வருடமும் ஆய்வுகூடமும் ஒரு கொத்தில் போய்விட்டன. நாளைக்கு வியாழன். றஸீனாவின் முகத்தில் எப்படி முழிப்பது?

"கண்ட தானே தம்பி," என்றார் போடியார். "மூடி விடு."

"கொஞ்சம் பொறுங்க ரூபன்," என்றாள் இன்ஷிரா.

அவள் குழிக்கு அருகில் குந்தினாள். கத்தியால் மண்ணை ஒதுக்கிக் கல்லைச் சுரண்டினாள். பையில் இருந்து தேசிக்காய்ப் பாதியை எடுத்துப் பிழிந்தாள். கல்லின் மேல் சின்னச் சின்னக் குமிழிகள் எழும்பி, வெள்ளையாக நுரைத்து, சீறுகிற சத்தம் கூட லேசாகக் கேட்டது. காந்தத்தை விட்டு எடுத்தாள். கருமணல் மீசை வைத்ததுபோல் ஒட்டிக்கொண்டு வந்தது.

உதயரூபன் கல்லைப் புரட்டி வெளியே போட்டான். அடிப்பக்கம் முழுவதும் உப்புத்தண்ணீரில் வளரும் சிப்பிகள் ஒட்டிக் கிடந்தன. சிப்பிகளுக்கு நடுவே அறுத்துவிட்ட நீலக் கயிற்றுத் துண்டொன்று சிக்கியிருந்தது. ஸாஹிரின் தோணியில் இன்றைக்கும் அதே நீலக் கயிறு தொங்குகிறது, உதயரூபன் தன் கண்ணால் பார்த்தது.

"ஏழு தலைமுறையா மண்ணுக்குள்ள கிடந்த கல்லுக்கு இன்னும் சிப்பி வாசம் அடிக்குது போடியார்," என்றான்.

போடியார் நிதானமாகப் பேசினார். களவெட்டிக்குக் கதவும் இல்லை, பூட்டும் இல்லை. யாரோ பழைய கல்லை எடுத்துக்கொண்டு இதைப் போட்டிருக்கிறார்கள். அந்த மீன்பிடிகாரனே செய்திருக்கலாம். அதற்கு அவர் என்ன செய்ய?

"கல்லக் களவெடுக்கிறவன் கல்ல எடுத்துக்கிட்டுப் போவான்," என்றாள் இன்ஷிரா. "குழிக்குள்ள இன்னொரு கல்லத் தேடி வந்து வெச்சு, மூடி, மெழுகிட்டுப் போக மாட்டான். வெறுங்குழிய விட்டா வெள்ளாமையப் பூதம் கொண்டுபோயிரும் எண்டு பயப்பட இந்த ஊரில இப்ப ஒரு ஆள்தான் மிச்சம்."

இந்த மண்ணில் அவசரத்துக்கு ஒரு கல் கிடைக்காது. வாவிக்குள் சேறு, வட்டைக்குள் களி. கரையில் கட்டியிருந்த தோணியில்தான் ஒரு கல் இருந்தது. ஸாஹிரை மாட்டிவிடும் எண்ணம் கூட அந்த மனிதருக்கு அப்போது இருந்திருக்காது. குழிக்கு ஒரு கல் தேவைப்பட்டது, எடுத்தார். அதன் பிறகு அந்தக் கல்லுக்காக ஒருவன் மறியலுக்குப் போனபோது, கற்பூரம் கொளுத்திக்கொண்டு சும்மா இருந்தார். இதை நினைக்க நினைக்க உதயரூபனுக்கு ஆத்திரம் ஏறியது. கொன்றதைக்கூட அவன் ஒரு பக்கம் வைத்துவிடுவான், இந்தச் சும்மா இருந்ததை எங்கே வைப்பது?

பிரஷாந்தி தகப்பனின் முகத்தையே பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. இதெல்லாம் ஊகம், நீதவானிடம் போய்ச் சொல்லுங்கள் என்றுவிட்டு வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினார். அவர் சொன்னதும் சரிதான். குழிக்குள் கல்லை வைத்த கையைத் தேசிக்காய் காட்டாது.

இன்ஷிரா எழும்பிக் கையைத் தட்டினாள். பேச்சை அவருக்குச் சொல்லவில்லை, பிரஷாந்தியைப் பார்த்துச் சொன்னாள்.

"பிரஷாந்தி, உங்களுக்கு இத ஒருத்தரும் சொல்லல்ல. அந்த அறிக்கையில இரிக்கு. வாவிக்குள்ள போடக்குள்ள உங்கட மாப்பிள்ளைக்கு உயிர் இருந்திரிக்கு. நெஞ்சுக்குள்ள வாவித் தண்ணி. பத்து விரல் நகத்திலயும் சேறு. இடுப்புக் கயிற அவிழ்க்கப் பாத்திரிக்கார்."

பிரஷாந்தி அந்தக் குழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். போடியார் நின்ற இடத்திலேயே திரும்பினார்.

"பொய்," என்றார். "மூச்சில்ல. நான் மூக்கில கைய வெச்சுப் பாத்த. ரெண்டு தரம் பாத்த பிள்ளை, மூச்சு இல்ல."

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது. வட்டையில் எங்கோ ஒரு டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. பிரஷாந்தி தலையை நிமிர்த்தினாள்.

"எந்த இடத்தில வெச்சுப் பாத்த நீங்க அப்பா?"

அவர் கால் விரலால் தரையைக் காட்டினார். மிச்சமெல்லாம் அதன் பிறகு தானாகவே வந்தது, மகளிடம் அவரால் எதையும் நிறுத்தி வைக்க முடியவில்லை. மருமகன் அன்று பின்னேரம் களவெட்டியைத் தோண்டிக் கல்லை வெளியே எடுத்துப் போட்டிருந்தான். நெல் காயப்போடக் கொங்கிறீட் தளம் போடப் போகிறானாம், கல்லைக் கேற்றுக்கு முட்டுக் கொடுக்கலாமாம். வட்டை என் பெண்சாதியின் பேரில் இருக்கிறது, உங்களைக் கேட்கத் தேவையில்லை என்றானாம். மண்வெட்டிப் பிடியால் ஒரே ஒரு அடி. அவன் அந்தக் கல்லின் மேலேயே விழுந்தான்.

"ரத்தம் பட்ட கல்ல களவெட்டிக்குள்ள வைக்க ஏலா," என்றார் போடியார். "அதுதான் அவனோடயே அனுப்பின."

அதை அவர் நியாயம் சொல்லும் குரலில் சொன்னார். கேட்பவர்களுக்கு விளங்கிவிடும் என்று உண்மையிலேயே நம்பினார். இந்தப் போகம் விளைச்சல் குறையவில்லை, கல் கொஞ்சம் பிந்தி வைத்தும் குறையவில்லை என்றும் சொன்னார். பிறகு உதயரூபனிடம், தம்பி, பொலிஸ் வருமுன் அந்தக் குழியில் ஏதாவது ஒரு கல்லைப் போட்டு மூடிவிடு என்று கெஞ்சினார். உதயரூபன் மண்வெட்டியைத் தூர வீசினான்.

ஜீப் வர முக்கால் மணி நேரம் எடுத்தது. போடியார் ஏறும்போதும் குழியைத் திரும்பிப் பார்த்தார். அப்பா சொன்னதை நாளைக்கு நீதிமன்றத்தில் அப்படியே சொல்வேன் என்று பிரஷாந்தி இன்ஷிராவிடம் மட்டும் சொன்னாள். வேறு கேள்விக்கு இடமில்லாத குரல் அது.

திரும்பி வரும் வழியில் உதயரூபனுக்குப் பகிடி ஒன்றும் வாயில் வரவில்லை. பாலத்துக்குக் கிட்ட வந்ததும் ஆட்டோவை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டான். வழக்கறிஞர் அறையில் அந்த அறிக்கையை அவனும் கையில் பிடித்திருக்கிறான். இங்கிலீஷ் முழுவதும் ஓடாவிட்டாலும் படித்த அளவுக்கு, நகத்துச் சேறு என்று ஒரு வரியை அவன் பார்த்த நினைவில்லை.

"இல்ல," என்றாள் இன்ஷிரா. "மண்டையில பட்ட அடியோட முடிஞ்சிட்டு. வாவிக்குள்ள போகக்குள்ள ஆள் மையித்து."

"அப்ப அந்தப் பிள்ளைட்ட?"

"நாளைக்குச் சாட்சி சொல்லி முடியட்டும், மறுகா நானே சொல்லுவன். இப்ப சொன்னா தகப்பன் மேல இரக்கம் வந்திரும். ராவோட ராவா மனம் மாறிட்டா ஸாஹிருக்கு வேற என்ன இரிக்கு? ஒரு தேசிக்காயும் ரெண்டு கல்லும்."

அவன் எதிர்த்துப் பேச வாயெடுத்தான். றஸீனா நினைவுக்கு வந்தாள், ஆட்டோச் சாவியில் கை வைத்தான். அப்போது அவனுடைய போன் அடித்தது. பிரஷாந்தி. ஸ்பீக்கரில் போடாமலே அவள் குரல் ஆட்டோ முழுவதும் கேட்டது. அழவில்லை. ஒரே ஒரு விஷயம் மட்டும் தெரிய வேண்டும் என்றாள்.

"தண்ணிக்குள்ள அவர் எவ்வளவு நேரம் உயிரோட இருந்தவர் எண்டு மிஸ்ஸிட்டக் கேட்டுச் சொல்லுங்க அண்ணன்."

உதயரூபன் கண்ணாடியில் இன்ஷிராவைப் பார்த்தான். அவள் வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் என்று சொல்லுங்கள் என்று உதட்டை மட்டும் அசைத்தாள். இல்லை தங்கச்சி, அது பொய் என்று சொல்லத்தான் அவன் போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்தான்.

"கொஞ்ச நேரம்தான் தங்கச்சி," என்றான்.